ஃபிராங்கோனியா ரிட்ஜ்: பாதியில் திரும்பியது என் தப்பா?

நடராஜா சர்வீஸ் | ஞாயிறு, இரவு 9:12

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஐந்து பேர் நியூ ஹாம்ப்ஷயரில் ஃபிராங்கோனியா ரிட்ஜ் லூப் போனோம். பாஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபாலிங் வாட்டர்ஸ் ட்ரெயிலில் ஏறி, லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லஃபாயெட் என்று மூன்று உச்சிகளை முகட்டு வழியாகத் தாண்டி, கிரீன்லீஃப் ஹட் என்ற மலைக்குடில் பக்கம் இறங்கி, ஓல்டு பிரைடில் பாத் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். மொத்தம் 8.9 மைல். ஏற்றம் மட்டும் 3,900 அடி.

நான், என் கல்லூரி நண்பன் (மச்சான் என்றே வைத்துக்கொள்வோம்), அவன் மனைவி, என் ரூம்மேட், ரூம்மேட்டின் ஆபீஸ் நண்பர் ஒருவர். காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். கிளம்பியது 7:10. நீண்ட வார இறுதி, போதாததற்கு இலை நிறம் மாறும் சீசன். ஐ-93 நெடுஞ்சாலை முழுக்கக் கார். லஃபாயெட் பிளேஸ் பார்க்கிங் நிரம்பி வழிந்தது. கேனன் மலைப் பக்கம் காரைப் போட்டுவிட்டு, ஷட்டில் பஸ் பிடித்து வந்து, ட்ரெயிலில் கால் வைக்கும்போது மணி 10:40.

ஏற்றம் அருமையாகத்தான் இருந்தது. கீழே மேப்பிளும் பர்ச்சும் சிவப்பும் மஞ்சளுமாக, பாதி மரத்தில், பாதி தரையில். ஓடையை நாலைந்து முறை கல் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். மூன்றாவது தாண்டலில் ரூம்மேட் வழுக்கி முழங்கால் வரை நனைந்துவிட்டான். போட்டிருந்தது ஜீன்ஸ். கிளவுட்லேண்ட் அருவியில் போட்டோ எடுக்கவே அரை மணி போயிற்று.

லிட்டில் ஹேஸ்டாக் உச்சியில் மணி 2:20. மரம் முடிந்து வெளியே தலையை நீட்டியதும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. லிங்கன் உச்சி மேகத்துக்குள் போய்விட்டு வந்துகொண்டிருந்தது. ஐந்து பேருக்கு ஒரே ஒரு ஹெட்லாம்ப் (தலையில் மாட்டும் விளக்கு). நான் சொன்னேன், திரும்புவோம் என்று. மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. "கஷ்டமான ஏற்றம் எல்லாம் முடிந்தது, இன்னும் 900 அடிதான் பாக்கி, இப்போது போய்த் திரும்புவதா?" என்றான். இருபது நிமிடம் அந்தக் காற்றில் நின்றே சண்டை. கடைசியில், "நீங்கள் எல்லாரும் இறங்குங்கள், நான் மட்டும் லூப்பை முடித்துவிட்டு வருகிறேன்" என்றான். கார் சாவி என்னிடம் இருந்தது. தர மாட்டேன் என்றேன்.

இறங்கினோம். 5:35க்குக் கீழே. வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலை வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான்.

நான் செய்தது தப்பா?

சிறுவாணித் தண்ணி | ஞாயிறு, இரவு 9:40

கோபித்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ராத்திரியோடு ராத்திரியாக ஏறி, விடியலில் சாமி பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் பூண்டிக்கு இறங்கிவிடுகிறோம். கையில் ஒரு மூங்கில் தடி, காலில் செருப்புகூடக் கிடையாது. என் பெரியப்பா 62 வயதில் ஏறினார். உங்கள் மலை எவ்வளவு உயரம்? லஃபாயெட் 5,249 அடி என்று கூகுள் சொல்கிறது. வெள்ளியங்கிரியை விடக் கம்மி. இதற்கு இவ்வளவு பில்டப்பா?

பாறைப்பல்லி | ஞாயிறு, இரவு 10:25

சிறுவாணி, நானும் வெள்ளியங்கிரி ஏறியவன்தான். ஐந்தாவது மலையில் அழுதவன். ஆனால் அடிக்கணக்கை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

வெள்ளியங்கிரிக்குக் கூட்டம் போவது பிப்ரவரியிலிருந்து மே வரை. முன்னாலும் பின்னாலும் ஆயிரம் பேர். வழியில் சுக்குக் காப்பிகூடக் கிடைக்கும். நியூ ஹாம்ப்ஷயர் 44 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே நாலாயிரத்துச் சொச்சம் அடி தாண்டினாலே மரம் நின்றுவிடும். அதற்கு மேல் முழங்கால் உயரத்துக்குக் குறுகிப்போன ஃபர் புதர், பாசி, பாறை. லிட்டில் ஹேஸ்டாக்கிலிருந்து லஃபாயெட் வரை 1.7 மைல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. நடுவில் மேற்கே இறங்க வழியும் கிடையாது. ஒன்று முன்னால் போக வேண்டும், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. 35 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மணிக்கு 40 மைல் காற்று அடித்தால் உடம்புக்கு அது 20 டிகிரி மாதிரி. நம் ஊர்க் கணக்கில் மைனஸ் 7 செல்சியஸ். பார்க்கிங்கில் டி-ஷர்ட் போட்டு நிற்கலாம் போல இருக்கும், அதே நேரத்தில் மேலே இதுதான் நிலைமை. இதே வெள்ளை மலைத்தொடரில்தான் வாஷிங்டன் மலை. அங்கே 1934 ஏப்ரல் 12ஆம் தேதி மணிக்கு 231 மைல் காற்றை அளந்திருக்கிறார்கள். அந்த உச்சியில் உள்ள வானிலை ஆய்வகம் உயரமான சிகரங்களுக்கென்றே தனியாக ஒரு முன்னறிவிப்பு தருகிறது. போனில் 'ஃபிராங்கோனியா' என்று தட்டினால் வருவது கீழே ஊரின் வானிலை, அதை நம்பி ஏறக்கூடாது.

நடராஜா, உங்கள் கணக்குக்கு வருகிறேன். இங்கே பழகிய கணக்கு, ஒரு மைலுக்கு அரை மணி, ஒவ்வொரு ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் இன்னொரு அரை மணி. முழு லூப்புக்குக் கிட்டத்தட்ட ஆறரை மணி நேரம் வரும். சாப்பாடு, போட்டோ, மூச்சு வாங்கல் எதுவும் அதில் சேராது. 10:40க்கு ஏறினால் ஒரு நிமிடம் நிற்காவிட்டாலும் 5:10. அக்டோபர் நடுவில் அங்கே ஆறு மணி சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் அதற்கு முன்பே இருட்டு. நீங்கள் 2:20க்கு மேலே. மீதி 5.7 மைல், 900 அடி. புத்தகக் கணக்கிலேயே 5:40. உங்கள் வேகத்தில் ஏழு. ஒரே ஹெட்லாம்ப், ஒரு ஈர ஜீன்ஸ்.

திரும்பியது சரி. ஆனால் உங்கள் தப்பு மேலே நடக்கவில்லை, 10:40க்குப் பார்க்கிங்கிலேயே நடந்துவிட்டது. நாளை விரிவாக எழுதுகிறேன், இப்போது தூக்கம்.

கிளாஸ்கோ தம்பி | திங்கள், காலை 4:50 (எனக்குக் காலை 9:50)

ஸ்காட்லாந்திலும் இதே கணக்குதான், கொஞ்சம் கறார். நெய்ஸ்மித் என்ற எங்கள் ஊர் மலையேறி 1892இல் சொன்னது: மூன்று மைலுக்கு ஒரு மணி, இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அந்த மனிதர் தன் கால் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டார். நம் காலுக்கு ஒன்றரை மடங்கு சேர்த்துக்கொள்வது நல்லது.

பென் நெவிஸ் வெறும் 1,345 மீட்டர். கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலிருந்து ஆரம்பித்து, உச்சியில் மேகத்துக்குள் மாட்டினால் நம் பூட்ஸே கண்ணுக்குத் தெரியாது. போன அக்டோபரில் நாங்கள் மூன்று பேர் உச்சிக்கு நூறு மீட்டர் கீழே திரும்பினோம். யாரும் யாரோடும் பேசாமல் இல்லை. ஏனென்றால் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று காரிலேயே பேசி வைத்திருந்தோம். உச்சியில் நின்று பேசினால் உச்சிதான் ஜெயிக்கும்.

உங்கள் மச்சான் 'நான் மட்டும் போகிறேன்' என்றது மட்டும் மகா தப்பு. ஒருவன் பிரிந்தால் கீழே காத்திருக்கிறவர்கள் கதி? ஏழு மணிக்கு அவன் வரவில்லை என்றால் யாருக்குப் போன் செய்வீர்கள், எந்த வழியில் தேடச் சொல்வீர்கள்?

இட்லிப்பொடி | திங்கள், காலை 7:30

நான் நியூ ஜெர்ஸிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. முட்டாள்தனமான கேள்வி என்றால் மன்னிக்கவும். ஜீன்ஸில் என்ன பிரச்சினை? கனமான துணிதானே, குளிருக்கு நல்லதுதானே?

பாறைப்பல்லி | திங்கள், காலை 8:05

முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. எல்லாரும் ஒரு தடவை ஜீன்ஸ் போட்டுத்தான் கற்றுக்கொள்கிறோம். பருத்தி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. துணிக்குள் இருக்கிற காற்றுதான் நமக்குச் சூடு. அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிட்டால் உடம்புச் சூட்டை அதுவே இழுத்துக்கொண்டு போகும். ஈரத் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு ஃபேன் அடியில் நிற்பது போல. ஓடையில் விழ வேண்டும் என்பதுகூட இல்லை, ஏறும்போது வேர்க்கிற வேர்வையே போதும். கம்பளி அல்லது பாலியஸ்டர் நல்லது. விலை கூடிய பிராண்டு எல்லாம் வேண்டாம், ஜிம்முக்குப் போடுகிற பேண்ட்டே ஜீன்ஸை விட மேல்.

அப்புறம் வேர்வை ஆறுவதற்கு முன்பே ஜாக்கெட் போட வேண்டும். நின்று, குளிர்ந்து, நடுங்க ஆரம்பித்த பிறகு போட்டால் சூடேற அரை மணி ஆகும்.

நடராஜா சர்வீஸ் | திங்கள், காலை 9:15

எல்லாருக்கும் நன்றி. மனசு கொஞ்சம் லேசானது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மேலே நான் பயந்ததற்கு முதல் காரணம் கடிகாரமே இல்லை. மரம் முடிகிற இடத்தில் இடுப்பு உயர ஃபர் செடி ஒன்று. அதன் ஒவ்வொரு ஊசி இலையிலும் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்க்கப் பூ மாதிரி. கிட்டே போய்ப் பார்த்தால் பனி. ஆனால் மேலிருந்து பெய்த பனி இல்லை. கோழி இறகு மாதிரி பக்கவாட்டில், ஒரே திசையில் நீட்டிக்கொண்டு, ஒரு விரல்கடை நீளத்துக்கு. கிளையின் ஒரு பக்கம் முழுக்க இறகு, மறு பக்கம் பச்சை. விரலால் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதைக் காட்டித்தான் மச்சானிடம், "இதைப் பார்டா, இது அக்டோபர் மாதிரியா இருக்கிறது?" என்று கேட்டேன். அவன் அதையும் போட்டோ எடுத்தான்.

பாறைப்பல்லி | திங்கள், காலை 9:40

அதன் பெயர் ரைம். உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் மிதக்கிற மேகத் துளிகள், காற்றில் வந்து மோதின இடத்திலேயே உறைந்து ஒட்டிக்கொள்கின்றன. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தைப் பார்த்தே இறகு வளரும். அதாவது உங்களுக்கு முன்பு அந்தச் செடி பல மணி நேரம் மேகத்துக்குள் இருந்திருக்கிறது. நல்ல கண் உங்களுக்கு. பாறை மேலும் அது இருந்திருக்கும். மைக்ரோஸ்பைக் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள்) இல்லாமல் லிங்கனின் பாறைகளில் ஏறி இறங்குவது சுகமான வேலை இல்லை.

ஸ்கார்பரோ அண்ணா | திங்கள், முற்பகல் 11:20

தம்பி, எல்லாரும் காற்றையும் கணக்கையும் பற்றிக் கதைக்கிறீர்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். ஐந்து பேர் போனீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சண்டை இரண்டு பேருக்கு. மற்ற மூன்று பேரும் என்ன சொன்னவை? நனைந்த பெடியன் என்ன சொன்னவன்? மச்சானுடைய மனிசி என்ன சொன்னவ? உங்கள் நீளமான பதிவில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வசனமும் இல்லை.

நாங்கள் ஊரில் சின்னனாக இருக்கும்போது சிவனொளிபாத மலைக்குப் போனோம். ஐயாயிரத்துக்கு மேல் படி. என்ர மாமா ஒரு விதி வைத்திருந்தார்: குழுவில் ஆர் ஆகப் பிந்தி வருகிறாரோ அவர்தான் முன்னுக்கு நடக்க வேண்டும். அவர் நிற்கிற இடத்தில் எல்லாரும் நிற்கிறது. எனக்கு அப்ப பதினொரு வயது, முன்னுக்கு நடந்தது முழுக்க நான்தான். மாமாவுக்குப் பொறுமை வடிவாக இருந்தது. இப்ப அடிரொண்டாக் மலைகளுக்குப் போனாலும் நாங்கள் அப்படித்தான்.

இட்லிப்பொடி | திங்கள், முற்பகல் 11:45

இடையில் ஒன்று. நியூ ஹாம்ப்ஷயரில் மலையில் மாட்டிக்கொண்டு மீட்கச் சொன்னால் பில் அனுப்புவார்களாமே, நிஜமா?

பாறைப்பல்லி | திங்கள், நண்பகல் 12:10

நிஜம். நம் அலட்சியத்தால் வந்த வினை என்று தீர்மானித்தால், மீட்புச் செலவை நம்மிடம் வசூலிக்க அந்த மாநிலச் சட்டம் இடம் தருகிறது. ஹெட்லாம்ப் இல்லாமல் இருட்டில் மாட்டுவது அலட்சியத்துக்கு நல்ல உதாரணம். மீன், வனவிலங்குத் துறைதான் மீட்புப் பணியைப் பார்த்துக்கொள்கிறது. 'ஹைக் சேஃப்' என்று வருட அட்டை ஒன்று தருகிறார்கள், தனி ஆளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. அது கையில் இருந்தால் அலட்சியத்துக்கு பில் வராது. ஆனால் வேண்டுமென்றே ஆபத்தைத் தேடிப் போயிருந்தால் அட்டை காப்பாற்றாது. நான் ஒவ்வொரு ஜனவரியும் வாங்கிவிடுகிறேன். பயந்து இல்லை, அந்தப் பணம் மீட்பு நிதிக்குப் போகிறது என்பதால்.

கிளாஸ்கோ தம்பி | திங்கள், மதியம் 12:30

இங்கே பில் கிடையாது, மலை மீட்புக் குழுவினர் எல்லாரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பில் வந்தால் மக்கள் உதவி கேட்கவே தயங்கி, இருட்டில் தாங்களாகவே இறங்கப் பார்த்துச் செத்துப்போவார்கள் என்பது எங்கள் ஊர் வாதம். இதை இங்கே ஆரம்பித்தால் இழை திசை மாறிவிடும். தனி இழை போடுங்கள், வந்து சண்டை போடுகிறேன்.

சிறுவாணித் தண்ணி | திங்கள், மதியம் 12:50

அண்ணா கேட்ட கேள்விக்கு நடராஜா இன்னும் பதில் சொல்லவில்லை. கவனித்தேன்.

மச்சான்னு சொன்னது என்னைத்தான் | திங்கள், மாலை 6:34

வணக்கம். இன்றுதான் இங்கே கணக்கு திறந்தேன். இந்த இழையின் லிங்க்கை எனக்கு அனுப்பியது யார் என்று சொல்ல மாட்டேன்.

சரி, என் பக்கக் கதை.

ஒன்று. ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய கார் ஏன் 7:10க்குக் கிளம்பியது? எழுதவே இல்லையே ஐயா. நானும் என் மனைவியும் 4:50க்கு உன் வீட்டு வாசலில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தோம். நீ உள்ளே லெமன் சாதம் தாளித்துக்கொண்டிருந்தாய். ஐந்து பேருக்கு. கடுகு தீர்ந்துபோய், பக்கத்து அபார்ட்மெண்டில் ஆள் எழுந்திருக்கும் வரை காத்திருந்து கடன் வாங்கினாய். காலை ஆறு மணிக்குக் கடுகு கடன்! அதன்பிறகு வழியில் டோனட் கடையில் முப்பத்தைந்து நிமிடம். அதுவும் நீதான்.

இரண்டு. அந்த ஒரே ஒரு ஹெட்லாம்ப் யாருடையது? என்னுடையது. எல்லாரும் கொண்டு வாருங்கள் என்று புதன்கிழமையே குழுவில் போட்டிருந்தேன். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய்.

மூன்று. தனியாகப் போகிறேன் என்றது தப்புதான். கிளாஸ்கோ தம்பி சொன்னது உறைத்தது. அந்த நேரத்துக் கோபம். சாவி கொடுத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த மலை நேர் எதிரில் நின்றது. மேகம் விலகின ஒரு நிமிடத்தில் முகட்டுப் பாதை ஒரு கோடு மாதிரி லிங்கன் வரைக்கும் தெரிந்தது. மூன்று வருடமாக என் போன் வால்பேப்பரே அந்தக் கோடுதான்.

கோபம் திரும்பியதற்கு இல்லை. அங்கே நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில், "உனக்குப் பொண்டாட்டி மேல் அக்கறை இருக்கிறதா?" என்று கத்தினாய். தமிழில்தான் கத்தினாய், ஆனால் அங்கே நின்றதில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இறங்கும்போது ஒருவர் என்னிடம், "விடுங்க தம்பி, மலை எங்கேயும் போகாது" என்று ஆறுதல் சொன்னார். அதற்குப் பிறகு நான் என்ன பேசுவது?

கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ, "மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே" என்றாய். அந்தக் கணவாயில் மனித முகம் மாதிரி ஒரு பாறை, 'ஓல்டு மேன் ஆஃப் தி மவுண்டன்' என்று இருந்ததே, அது 2003 மே மாதம் உடைந்து விழுந்துவிட்டது. மாநிலச் சாலைப் பலகைகளில் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் முகமும் அன்றைக்கு அப்படித்தான்.

சிறுவாணித் தண்ணி | திங்கள், மாலை 6:41

கடுகு கடன். 😂 இந்த இழையை நான் சேமித்து வைக்கிறேன்.

நடராஜா சர்வீஸ் | திங்கள், இரவு 7:58

படித்தேன். மூன்று முறை படித்தேன்.

கடுகு உண்மை. டோனட் உண்மை. ஹெட்லாம்ப் உண்மை, கட்டைவிரலும் உண்மை. பதிவு எழுதும்போது '7:10க்குக் கிளம்பியது' என்று எழுதினேன், 'கிளப்பியது நான்' என்று எழுதவில்லை. கை தானாக அப்படி எழுதியது.

கத்தியது தப்பு. குளிர் ஒரு காரணம் என்று எழுதி அழித்துவிட்டேன். மன்னித்துவிடுடா. திரும்பியது மட்டும் சரி என்று இன்னும் நினைக்கிறேன்.

மச்சான்னு சொன்னது என்னைத்தான் | திங்கள், இரவு 8:03

திரும்பியது சரிதான். அதை நீ சொன்னதுதான் எரிச்சல்.

பாறைப்பல்லி | திங்கள், இரவு 8:30

நல்லது. இப்போது நான் பாக்கி வைத்த விஷயம். அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

இந்த லூப்பில் ஒரு பொறி இருக்கிறது. ஃபாலிங் வாட்டர்ஸ் ஏறுவதற்கு நல்ல வழி, இறங்குவதற்கு மோசமான வழி. செங்குத்து, ஈரப் பாறை, இலையுதிர் காலத்தில் அந்தப் பாறை மேல் ஈர இலை வேறு. அடியில் கல்லா வேரா என்று தெரியாது. அதனால்தான் எல்லாரும் அதில் ஏறி, ஓல்டு பிரைடில் பாத்தில் இறங்குகிறார்கள். ஆனால் அந்த நல்ல இறக்கத்துக்குப் போக வேண்டுமானால் முழு முகட்டையும் தாண்டியாக வேண்டும். அதாவது லிட்டில் ஹேஸ்டாக்கில் போய் நின்று யோசித்தால், திரும்புவதும் கஷ்டம், போவதும் கஷ்டம். ஏற்றத்தில் முக்கால் பங்குக்கு மேல் முடிந்துவிட்டதால் மனசும் போகத்தான் சொல்லும். மச்சானை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த இடத்தில் நிற்கிற யாருக்கும் அதே புத்திதான் வரும்.

10:40க்குப் பார்க்கிங்கில் நின்றபோதே லூப் செத்துவிட்டது. அப்போது செய்திருக்க வேண்டியது, ஓல்டு பிரைடில் பாத்தில் ஏறி, 2.9 மைலில் கிரீன்லீஃப் ஹட் போய், அதே வழியில் இறங்குவது. போகவர 5.8 மைல். ஹட் 4,200 அடியில், மரம் நின்றுபோகிற எல்லையை ஒட்டியே இருக்கிறது. அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் 1930லிருந்து நடத்துகிறது. சீசனில் உள்ளே உட்கார்ந்து சூடாக ஏதாவது குடிக்கலாம். வாசலில் ஒரு சின்னக் குளம், அதற்குப் பின்னால் முழு முகடும் கண் முன்னால். ஹட்டுக்குக் கீழே இருக்கிற செங்குத்துப் பகுதிக்கு இங்கே பலர் 'ஏகனி ரிட்ஜ்' (வேதனை முகடு) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறும்போது பெயர்க் காரணம் விளங்கும். ஆனால் அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் எதிரில் மூன்று உச்சியும் வரிசையாகத் தெரியும், வால்பேப்பருக்கு அதுவும் குறைச்சல் இல்லை. ஹட்டில் நேரமும் காற்றும் சாதகமாக இருந்தால் 1.1 மைல் மேலே லஃபாயெட் உச்சி. இல்லையென்றால் சூப் குடித்துவிட்டு இறங்கலாம். திரும்புவதற்கு வசதியான இடம் உள்ள வழி அது.

ஸ்கார்பரோ அண்ணா | திங்கள், இரவு 9:05

நல்ல விளக்கம். ஆனால் என்ர கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை. இரண்டு ஆம்பிளையளும் சமாதானம். நல்லது. அந்தப் பிள்ளை?

லிங்க் அனுப்பினது நான்தான் | திங்கள், இரவு 10:17

அண்ணா, நன்றி. நான்தான் அந்தப் பிள்ளை.

எனக்கு இரண்டாவது அருவியிலேயே திரும்ப வேண்டும் போல இருந்தது. வலது முழங்கால். கல் படியில் கால் தூக்கி வைக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ சுளுக்கென்றது. சொல்லவில்லை. இவர் மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிற மலை. நான் சொல்லி நின்றுபோனது என்று ஆகிவிடுமே என்று இருந்தது. அந்த ஆபீஸ் நண்பரும் என் கூடவே பின்னால்தான் வந்தார். ஒரு கட்டத்தில் எனக்குத் தெலுங்கு புரியும் என்று தெரிந்ததும், "இவர்கள் ஏன் போட்டோவுக்கு மட்டும் நிற்கிறார்கள்?" என்று கேட்டார்.

மேலே இவர்கள் இருவரும் கத்திக்கொண்டிருந்த இருபது நிமிடமும் நாங்கள் மூன்று பேரும் ஒரு பாறைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து லெமன் சாதம் சாப்பிட்டோம். விறைத்துப்போயிருந்தது. ஆனாலும் நன்றாக இருந்தது. கடுகு தூக்கலாக இருந்தது. ரூம்மேட்டுக்கு உதடு நீலமாகியிருந்தது, டப்பாவின் மூடியைத் திறக்க விரல் மடங்கவில்லை, நான்தான் திறந்து கொடுத்தேன். இவர்கள் இரண்டு பேரும் என் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டார்களே தவிர, ஒருவராவது திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

இறங்கும்போது யாரும் பேசாததால் மெதுவாக இறங்க முடிந்தது. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

மச்சான்னு சொன்னது என்னைத்தான் | திங்கள், இரவு 10:21

முழங்கால் பற்றி இப்போதுதான் தெரியும். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு இங்கே எழுதுகிறாய்.

லிங்க் அனுப்பினது நான்தான் | திங்கள், இரவு 10:24

இங்கே எழுதினால் முழுசாகப் படிக்கிறீர்கள்.

நடராஜா சர்வீஸ் | திங்கள், இரவு 10:40

தங்கச்சி, என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னித்துவிடும்மா.

லிங்க் அனுப்பினது நான்தான் | திங்கள், இரவு 10:52

பரவாயில்லை அண்ணா. முழங்கால் சரியானதும் மொனாட்நாக் போகலாம். 3,165 அடிதான், பாஸ்டனிலிருந்து கிட்டத்திலேயே இருக்கிறது. இந்த சீசனில் பார்க்கிங்குக்கு முன்பதிவு வேண்டும், அதை நானே போட்டுவிடுகிறேன். ஐந்து பேருக்கும் ஐந்து ஹெட்லாம்ப், பட்டியல் என் கையில். ஆறு மணிக்குக் கார் கிளம்பும். ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம். முன்னால் நடக்கப்போவது நான்.

சாதம் முந்தின ராத்திரியே தாளித்து வைத்துவிடுங்கள்.

ஸ்கார்பரோ அண்ணா | திங்கள், இரவு 11:02

அச்சா.

சிறுவாணித் தண்ணி | செவ்வாய், காலை 6:15

பெரியப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வெள்ளியங்கிரியில் அவரும் ஒரு தடவை ஆறாவது மலையில் திரும்பியிருக்கிறாராம். மழை. இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அது கிடக்கட்டும், அந்த ஜீன்ஸ் காய்ந்ததா?

நடராஜா சர்வீஸ் | செவ்வாய், காலை 7:20

பால்கனியில் தொங்குகிறது. இடுப்புப் பட்டை இன்னும் ஈரம்.